பதினைந்தாவது செக்கன்

இந்த வருடம் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் மொன்றியல் கல்லூரிகளில் ஊடகக் கல்வி படிப்பிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவர், "விளங்கீற்றுது, நீர் முதல்ல தேத்தண்ணியைக் குடியும்" என்றார்.

நான் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் இந்தப் பாடத்தைப் பற்றித் தமிழில் கதைக்க எனக்கு ஒரு ஆள் இருக்கவில்லை. இங்கே பிள்ளைகள் பதினோராம் வகுப்பு முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு முன்னால் இரண்டு வருடம் சீஜெப் என்கிற கல்லூரியில் படிக்கிறார்கள். எங்கள் ஊரில் உயர்தரம் படிப்பது போல. அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தியையும் விளம்பரத்தையும் படத்தையும் எப்படிப் பார்ப்பது, எப்படி ஆக்குவது என்று படிப்பிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்ட்டில் ஒரு கலியாண வீட்டில் என் மச்சாள் எல்லோருக்கும் முன்னால் கேட்டா, "படம் பார்க்கிறதுக்கும் ஒரு பாடமோ? அதுக்கொரு ரீச்சரோ?"

"ஓம் மச்சாள், சோதினையும் இருக்கு" என்றேன்.

புள்ளித் திட்டம், கமரா, எடிட்டிங் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் விட்ட ஒரு பிழையையும், அதற்குப் பின்னால் வந்த ஐந்து நாட்களையும் சொல்கிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிவிட்டது. அந்த ஐந்து நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது.

அது ஒரு ஏப்ரல் மாதம். குளிர் போய்விட்டது என்று எல்லோரும் தடித்த கோட்டுகளை மடித்து வைத்த வாரத்தில் உறைமழை கொட்டியது. விழுந்த துளியெல்லாம் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் விழ, நகரில் பாதிக்கு மின்சாரம் போய்விட்டது. கல்லூரியை இரண்டு நாள் மூடினார்கள். மூடுவதற்கு முன் என் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். இருபது செக்கனுக்குள் ஒரு வீடியோ. வசனம் கூடாது, எழுத்து கூடாது. பார்ப்பவர் நெஞ்சில் ஒன்று நடக்க வேண்டும்.

திங்கட்கிழமை வகுப்பில் கமி தன்னுடைய வீடியோவைப் போட்டாள். கமி பதினெட்டு வயதுக் கியூபெக் பிள்ளை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தாயோடு மூன்றாம் மாடியில் இருக்கிறாள். வகுப்பிலேயே கூர்மையான கண் அவளுக்குத்தான். வீடியோ பதினான்கு செக்கன். அவள் வீட்டு பால்கனியிலிருந்து எடுத்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூலைக் கடை, இங்கே நாங்கள் டெப்பனர் என்று சொல்கிறது. கொட்டுகிற உறைமழையில் ஒரு பெண் குழந்தை வண்டிலோடு கடை வாசலுக்கு வருகிறாள். உள்ளே நிற்கிற மனிதன் அவளைக் கண்டதும் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டுகிறான். அவள் கண்ணாடியில் அடிக்கிறாள். அவன் உள்ளேயிருந்து கையை வீசி அவளைத் துரத்துகிறான். அவ்வளவுதான். பின்னால் ஒரு பியானோ இசை மட்டும்.

நான் திரும்பவும் போடச் சொன்னேன். மூன்றாம் தரமும் போடச் சொன்னேன். பிறகு எழுந்து நின்று கை தட்டினேன். "இந்தத் தவணையில் நான் பார்த்தவற்றில் இதுதான் திறம். எந்த இடத்தில் வெட்டியிருக்கிறாள் என்று பாருங்கள்!" என்றேன். கமியின் முகம் சிவந்துபோனது.

அதுவரை அவள் அதை ஒருவருக்கும் காட்டியிருக்கவில்லை. நான் கை தட்டிய துணிவில்தான் அன்று பின்னேரம் தன் கணக்கில் ஏற்றினாள். இதை நீங்கள் மறக்க வேண்டாம். அவள் ஏற்றினாள், ஏற்ற வைத்தது நான்.

செவ்வாய்க்கிழமை அது நகரமெங்கும் ஓடியது. யார் யாரோ எடுத்து, தங்கள் கோபத்தையும் சேர்த்துப் போட்டார்கள். "பால்குடிப் பிள்ளையை ஐஸில் விட்டவன்" என்று தலைப்பு வந்தது. என் பிள்ளையின் வேலை இத்தனை பேரை உலுக்குகிறதே என்று எனக்குப் பெருமை. புதன்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் கணவருக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கதவையும் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இதில ஒட்டியிருக்கிறது எங்கட கோயில் திருவிழா நோட்டீசு எல்லோ? இது அன்ரனியின்ட கடை. நான் கருவாடு வாங்கிற கடை."

மட்டக்களப்பு அன்ரனி அண்ணையை எனக்கும் தெரியும். அவர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், ஆனால் கேட்டு வருகிற எந்தக் கோயில் நோட்டீசையும் கதவில் ஒட்ட விடுவார். தெரிந்த மனிதன் என்பதால் அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. நல்லவர்களும் கெட்ட வேலை செய்வார்கள். என்னைக் குத்தியது வேறொன்று. நான் அந்த வீடியோவை வகுப்பில் மூன்று தரம் பார்த்தவள். வெட்டிய இடத்தைப் புகழ்ந்தவள். வெட்டிய பிறகு, பதினைந்தாவது செக்கனில், என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாம் தவணையில் முதல் வாரம் நான் படிப்பிக்கிற கேள்வி அது.

அன்று வகுப்பில் அதைத்தான் முதலில் சொன்னேன். "திங்கட்கிழமை நான் ஒரு பிழை விட்டேன்" என்றேன். பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். கமியைப் பார்த்து, "முழு வீடியோவும் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

இருந்தது. நாற்பது செக்கன். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில், நடுவில் பிரெஞ்சும் வரும். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

இசையை எடுத்துவிட்டு நாற்பது செக்கனையும் பெரிய திரையில் போட்டோம். என்ன சொல்ல, அந்த ஒன்றரை மணித்தியாலம் போல ஒரு வகுப்பு எனக்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை! ஒருத்தரும் கதிரையில் இருக்கவில்லை. திரைக்குக் கிட்டப் போய் மூக்கு முட்ட நின்றார்கள். கடையின் பெயர்ப்பலகை இருண்டு கிடக்கிறது, ஆகவே மின்சாரம் இல்லை என்றாள் ஒருத்தி. அந்த மனிதன் பூட்டும்போது பெண்ணைப் பார்க்கவில்லை, மேலே எதையோ பார்க்கிறான் என்றான் ஒருவன். இருபத்தாறாவது செக்கனில் அந்தப் பெண் அடிப்பதை நிறுத்துகிறாள், வண்டிலைத் திருப்புகிறாள், இடது பக்கமாகப் போய்த் திரையைவிட்டு மறைகிறாள். அதற்குப் பிறகு வெறும் வாசல்தான்.

"நிறுத்துங்கள்!" என்றான் இம்மானுவேல்.

இம்மானுவேல் மொன்றியல் நோர் பகுதிப் பிள்ளை, ஹெயிட்டிக் குடும்பம். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வகுப்பு நடத்துகிற பன்னிரண்டு நிமிட நேரடி ஒளிபரப்பை இயக்குகிறவன் அவன்தான். கண்ணைவிட அவனுக்குக் காது நல்லது. சத்தத்தைக் கூட்டச் சொன்னான். மழை கண்ணாடித் தூள் மாதிரி நொறுங்குகிற சத்தம். அதற்கடியில் ஒரு மனிதக் குரல். திரும்பத் திரும்பப் போட்டோம்.

"அரியேர்" என்றான் இம்மானுவேல். "அரியேர் என்று கத்துகிறார்."

"ஓம், பின்னால் போ என்கிறார். துரத்துகிறார்" என்றாள் கமி.

"இல்லை. பின்பக்கத்தால் வா என்கிறார். கையைப் பார். துரத்துகிற கை இப்படி இருக்காது. வட்டம் போடுகிறது. சுற்றி வா என்கிறது."

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அரியேர் என்ற ஒரு சொல், ஒரு கை. அதே நாற்பது செக்கனில் பாதிப் பேர் கொடுமையைக் கண்டார்கள், பாதிப் பேர் உதவியைக் கண்டார்கள். மணி அடித்தும் ஒருவரும் வெளியே போகவில்லை.

கமி மட்டும் என் மேசைக்கு வந்தாள். "மிஸ், நான் அந்தக் கடைக்குப் போய் அவரிடமே கேட்கப் போகிறேன். நீங்களும் வருகிறீர்களா?"

நாங்கள் போனபோது கடையின் கண்ணாடியில் சிவப்புப் பெயின்றால் 'வெட்கம்' என்று பிரெஞ்சில் பெரிதாக எழுதியிருந்தது. கமி அதைக் கண்டதும் நடைபாதையில் நின்றுவிட்டாள். பிறகு அவளாகவே கதவைத் திறந்தாள்.

அன்ரனி அண்ணை கல்லாவுக்குப் பின்னால் நின்றார். என்னைக் கண்டதும், "வாங்கோ ரீச்சர். நீங்களும் பாத்தனீங்களோ?" என்றார்.

"பாத்தனான் அண்ணை. என்ன நடந்தது?"

"வயர் ரீச்சர். கம்பி அறுந்து வாசலுக்கு மேல இருக்கிற மழைக் கூடாரத்தில விழுந்து கிடந்தது. விழயிக்க நீலமா ஒரு பொறி பறந்ததை நான் கண்ணால கண்டன். கூடாரம் இரும்பு, கதவு அலுமினியம். அந்த மனிசி வந்து கைபிடியில கை வைக்கப் பாத்தா. நான் என்ன செய்யிற? இழுத்துப் பூட்டினன். பின்பக்கத்தால வா, பின்பக்கத்தால வா எண்டு கத்தினன். என்ட பிரெஞ்சும் அவவுக்கு விளங்கேல்ல போல, கண்ணாடியில அடிச்சா. பேந்து விளங்கி ஒழுங்கையால வந்தா. பின்கதவால உள்ள எடுத்தனான்."

"ஆர் அவ? பேர் தெரியுமோ?"

"தெரியா. ரெண்டு மணித்தியாலம் இருந்தா. ஒரு கதையும் இல்லை, நடுங்கிக்கொண்டே இருந்தா. பிள்ளையின்ட காலுறை ரெண்டும் நனைஞ்சு போச்சு. நான் என்ட கம்பளித் தொப்பியைக் கழட்டி, பிள்ளையின்ட ரெண்டு காலையும் அதுக்குள்ள விட்டன். அதோடதான் போனவ. தொப்பி திரும்பி வரேல்ல."

"கடைக் கமரா?"

"கரண்ட் இல்லையே ரீச்சர்."

நான் கமிக்கு மொழிபெயர்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். முடிந்ததும் பிரெஞ்சில் அவரிடம் சொன்னாள், "அந்த வீடியோவை எடுத்தது நான்."

அன்ரனி அண்ணை அவளை ஏற இறங்கப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கல்லாவைச் சுற்றி வந்து, "எங்கயிருந்து எடுத்தனி?" என்று கேட்டார். கமி எதிரே இருந்த பால்கனியைக் காட்டினாள். அவர் வாசலில் போய் நின்று, அந்த பால்கனியையும் தன் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கயிருந்து வயர் தெரிஞ்சிராது. கூடாரமும் கறுப்பு, வயரும் கறுப்பு" என்று என்னிடம் தமிழில் சொன்னார். பிறகு உள்ளே போய், தகரப்பேணிகளை அடுக்கத் தொடங்கினார். எங்களுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றார். தெரிந்திருக்காது என்று சொன்னாரே தவிர, பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.

கமி அன்றே வீடியோவைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டாள். அதற்குள் நூற்றுக்கணக்கான பிரதிகள். போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை நண்பகல் அந்தக் கடைக்கு முன்னால் கூடுவோம் என்று யாரோ அழைப்பும் விட்டிருந்தார்கள். எங்கள் வகுப்பின் நேரடி ஒளிபரப்பும் வெள்ளிக்கிழமை நண்பகல்தான்.

வியாழக்கிழமை முழுவதும் நான் பறந்தேன். அன்ரனி அண்ணையை வீரனாக்கி ஒரு நிகழ்ச்சி, நகரத்தை மன்னிப்புக் கேட்க வைக்கிற நிகழ்ச்சி! வெண்பலகையில் தலைப்புகளை எழுதிக்கொண்டே போனேன். 'குழந்தையைக் காப்பாற்றிய கடைக்காரர்' என்று நான் எழுதியபோது பின்னாலிருந்து இம்மானுவேல் கேட்டான்.

"மிஸ், இதை நாங்கள் எப்படி அறிந்தோம்?"

"அவரே சொன்னாரே."

"அவர் சொன்னார். வேறு யார் சொன்னார்கள்? திங்கட்கிழமை எங்களுக்கு அவர் கெட்டவராக வேண்டியிருந்தது. இன்றைக்கு நல்லவராக வேண்டியிருக்கிறது. அதே வேலையைத்தானே திரும்பவும் செய்கிறோம்?"

அவர் சொன்னதை நம்புகிறாயா என்று கேட்டேன். "நம்புகிறேன். ஆனால் நான் நம்புவது செய்தி இல்லையே" என்றான். அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எழுதியதை எல்லாம் அழித்தேன்.

பிறகுதான் சரியான நிகழ்ச்சி பிறந்தது. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு. நாற்பது செக்கனை வெட்டாமல் காட்டுவது. கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதை அவர் சொன்னதாகவே சொல்வது. அந்தப் பெண் யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று கேட்பது. கல்லூரி ஒளிபரப்பைப் பார்ப்பது பெற்றோர்தான், அதுவும் தங்கள் பிள்ளை வந்தால் மட்டும். ஆகவே கமியின் கணக்கிலேயே நேரடியாக விடுவது என்று முடிவெடுத்தோம். கோபக்காரர் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"உன் பெயரும் முகமும் வர வேண்டியதில்லை" என்று கமியிடம் சொன்னேன். "வந்தால் அவரை விட்டுவிட்டு உன்னைப் பிடிப்பார்கள். யோசித்துவிட்டு நாளை சொல்."

"அம்மாவோடு கதைத்துவிட்டேன் மிஸ். நான்தான் வாசிப்பேன்."

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். கமி வாசிக்கிற பிரதியிலிருந்து கம்பளித் தொப்பிக் கதையை வெட்டச் சொன்னேன். பிள்ளைகள் கொதித்தார்கள். "மிஸ், அதுதானே இருப்பதிலேயே நல்ல இடம்!" என்றான் இம்மானுவேல். அதனால்தான் என்றேன். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில், செய்தி நிலையத்தில் கனகாலம் இருந்துவிட்டு எங்கள் ஸ்ரூடியோவுக்கு வந்த ஒரு தொழில்நுட்பக்காரர் எனக்குச் சொல்லித் தந்தது அது. ஊரே கதைக்கிற விஷயத்துக்குச் சாட்சி தேடினால், உண்மையான சாட்சிக்கு மட்டும் தெரிந்த ஒன்றை வெளியே விடாதே. பொய்ச் சாட்சி கட்டாயம் வரும், அதுவும் முதலில் வரும் என்பார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத் துறைத் தலைவர் வந்தார். நல்ல மனிதர், பயந்துபோயிருந்தார். "இதை நிறுத்திவிடலாமே. திங்கட்கிழமை ஆறுதலாக ஒரு அறிக்கை விடுவோம்" என்றார்.

"பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். திங்கட்கிழமை அந்தக் கண்ணாடி இருக்குமோ தெரியாது" என்றேன். பிரதியை அவர் கையில் கொடுத்தேன். "இதில் எங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிற ஒரு வரி இருந்தால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன்."

அவர் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். திருப்பித் தந்துவிட்டு, "நான் கதவடியில் நிற்கிறேன்" என்றார்.

பன்னிரண்டு மணி. கட்டுப்பாட்டறையில் இம்மானுவேல் ஹெட்ஃபோனோடு, அவனுக்குப் பின்னால் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கமி. எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் கடை வாசலில் ஃபோனோடு நின்றார்கள். முப்பது பேரளவில் கூடியிருக்கிறார்கள், சத்தம் போடுகிறார்கள் என்று தகவல் வந்தது.

"நான் நாற்பது செக்கன் எடுத்தேன். உங்களுக்குக் காட்டியது பதினான்கு" என்று கமி தொடங்கினாள். நாற்பது செக்கனும் ஓடியது. "இதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கை குளிர்ந்தது, நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்." பார்ப்பவர்களின் எண்ணிக்கை திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போனது. கடையில் நின்ற பிள்ளைகள், கூட்டத்தில் பலர் ஃபோனைப் பார்க்கிறார்கள் என்றார்கள்.

எட்டாவது நிமிடம் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் அழுதுகொண்டே, "அது நான்தான். அவர் என்னை உள்ளே எடுத்தார்" என்றாள்.

இம்மானுவேல் துள்ளி எழுந்தான். "மிஸ், போடட்டுமா? நாலு நிமிடம்தான் இருக்கிறது!"

எனக்கும் போட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனாலும் தொலைபேசியை நான் வாங்கினேன். "அம்மா, கடைக்குள் உங்கள் குழந்தைக்கு அவர் என்ன செய்தார்?"

"பால் சூடாக்கித் தந்தார். நல்ல மனிதர்."

எவ்வளவு அழகான பதில்! எங்களுக்கு வேண்டிய பதில். "நன்றி அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இம்மானுவேல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அது அன்ரனி அண்ணையின் கடைக்கு வழமையாக வருகிற ஒரு அம்மா என்று பிறகு தெரிந்தது. அவருக்கு உதவி செய்ய நினைத்துச் சொன்ன பொய்.

மூன்று நிமிடம். இரண்டரை. கமி கண்ணாடிக்கூடாக எங்களைப் பார்க்கிறாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் முடிவுரையின் தாளை எடுத்தாள். அப்போது திரும்பவும் தொலைபேசி.

ஸ்பானியச் சாயலில் பிரெஞ்சு பேசுகிற ஒரு குரல். பின்னால் ஒரு குழந்தை கத்துகிறது. அதே கேள்வியைக் கேட்டேன். மறுபக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

"தொப்பி. இரண்டு காலையும் தன்னுடைய தொப்பிக்குள் போட்டுவிட்டார். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும்."

இம்மானுவேல் போட்ட சத்தம் கண்ணாடியையும் தாண்டிக் கமிக்குக் கேட்டது. நான் அவன் முதுகில் ஓங்கி அடித்தேன். "போடு! போடு!" துறைத் தலைவர் கதவடியில் நின்று கை தட்டினார். சரியாகத் தொண்ணூறு செக்கன் அந்தப் பெண் பேசினாள். கதவுக்கு மேல் கம்பி கிடந்ததைத் தான் காணவில்லை என்றாள். முதலில் தானும் அவரைத் திட்டியதாகச் சொன்னாள். ஒழுங்கைக்குள் திரும்பியபோது பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் மழையில் நின்றார் என்றாள். நேரம் முடிந்தது. திரை அணைந்தது.

அறைக்குள் எழுந்த கூச்சலை உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. அறுபது வயதில் நான் குதித்தேன். கடையில் நின்ற பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள்: பாதிப் பேர் ஒன்றும் பேசாமல் கலைந்துவிட்டார்கள், இரண்டு பேர் அன்ரனி அண்ணையிடமே துணி கேட்டு வாங்கிக் கண்ணாடியைத் துடைக்கிறார்கள், ஒருவர் மட்டும் இதெல்லாம் நாடகம் என்று இன்னும் கத்திக்கொண்டு நிற்கிறார். அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். அந்தப் பதினான்கு செக்கனும் இன்னமும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாங்கள் போட்டதைப் பார்த்தவர்கள் அதில் ஒரு சிறு பங்குதான். இதை உங்களுக்கு மறைக்க மாட்டேன்.

எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது கமி மட்டும் மேசையில் இருந்தாள். அந்தப் பெண் இன்னும் தொடர்பில் இருந்தாள். ஒளிபரப்பு இல்லை, கமியும் இம்மானுவேலும் நானும் மட்டும் கேட்டோம்.

"வீடியோ எடுத்தது நீயா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஓம். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."

"நான் உன்னைக் கண்டேன். பால்கனியில் நின்றாய். ஃபோன் வைத்திருந்தாய். கீழே வருவாய் என்று நினைத்தேன்."

அந்தப் பெண் கோபமாகச் சொல்லவில்லை, சும்மா நடந்ததைச் சொன்னாள். பிறகு குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். கமி ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே போனாள். நான் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டுமோ என்று அந்தச் சனி ஞாயிறு முழுவதும் யோசித்தேன். அவளுக்கு மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்தேன்.

பிள்ளைகளே, வெட்டுகிற இடத்தைப் படிப்பிக்கலாம், ஓரத்தைப் பார்க்கப் படிப்பிக்கலாம், பொய்ச் சாட்சியைப் பிடிக்கவும் படிப்பிக்கலாம். அந்தப் பெண் சொன்னதற்கு என்னிடம் பாடம் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில், கமராவைக் கையில் கொடுக்க முன்னம், பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். என் பெயரைச் சொல்லித்தான், கமியின் பெயரைச் சொல்லாமல். இங்கே அவளுடைய சம்மதத்தோடு, அவள் தெரிந்தெடுத்த பெயரில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை வகுப்பு தொடங்க முன்னமே கமி வந்து நின்றாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

"என்ன இது?" என்றேன்.

"ஐஸ் உடைத்தேன் மிஸ். அவருடைய பின்கதவுப் படியிலும் ஒழுங்கையிலும் இன்னும் இவ்வளவு தடிப்பில் கிடந்தது. சனிக்கிழமை போய் நின்றேன். அவர் மண்வெட்டியைத் தந்தார். இரண்டு பேரும் நாலு மணி மட்டும் உடைத்தோம். அவர் முழு நேரமும் ஃபோனில் தமிழில் யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு படம்கூட நான் எடுக்கவில்லை." சொல்லிக்கொண்டே வந்தவள் மூச்சை இழுத்தாள். கண் இரண்டும் மின்னின. "ஆனால் மிஸ், நாலு மணிக்கு அந்த ஒழுங்கைக்குள் வெயில் வருகிறதே, ஐஸ் எல்லாம் எரிகிற மாதிரி! நீங்கள் பார்க்க வேண்டும். நாங்கள் அங்கே படம் எடுக்கலாமா?"

"அவரிடம் கேட்டாயா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"முதலில் மிச்ச ஐஸை உடை என்றார்."

இம்மானுவேல் பின்வரிசையிலிருந்து கையை உயர்த்தினான். "எத்தனை மண்வெட்டி இருக்கிறதாம்?"